கொங்குப் பிள்ளைகளுக்கு ஒரு காலப்பயணக் கதை: எழுதும் முறை, படிப்படியாக

காலப்பயணக் கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதலில் இயந்திரத்தைத்தான் வரைகிறார்கள். விளக்கு எரிகிறது, சக்கரம் சுழல்கிறது, பிள்ளை சோழர் காலத்தில் போய் இறங்குகிறாள். மூன்றாம் அத்தியாயத்தோடு கதை படுத்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் அவளுக்கு வேலை இல்லை. ராஜாவைப் பார்க்கிறாள், கோட்டையைச் சுற்றுகிறாள், திரும்பி வருகிறாள். அதற்குப் பெயர் சுற்றுலா.

கீழே உள்ள வரிசை 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கான, ஏறக்குறைய 9,000 சொல் கொண்ட கதைக்கானது. விளக்கத்துக்காக ஒரே கதையைக் கடைசிவரை கட்டிக்கொண்டு போகலாம். அதன் களம் பவானிசாகர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் டணாயக்கன்கோட்டை.

1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 100 பக்க நோட்டு. நீங்கள் அனுப்பப்போகும் ஆண்டின் பஞ்சாங்கம் அல்லது அதன் நகல். அதே ஆண்டுச் செய்தித்தாள் ஒரு வாரத்துக்காவது. நூலகங்களிலும் இணையச் சேமிப்பிலும் பழைய இதழ்கள் கிடைக்கும். அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் இருவர். ஒருவர் போதாது. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும் இடத்தில்தான் கதைக்கு வேண்டிய தகவல் வெளியே வரும்.

பெரியவரிடம் “அந்தக் காலம் எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும். “வெடியால எழுந்ததும் முதல்ல என்ன வேலைங்க?”, “தண்ணி எதுல சேந்துவீங்க?”, “ராத்திரி வெளிச்சத்துக்கு என்னங்க?” என்று கேளுங்கள். நோட்டு நிறையும்.

2. இடத்தை நட்டு வையுங்கள், காலத்தை மட்டும் நகர்த்துங்கள்

பிள்ளை புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். இடமும் மாறி காலமும் மாறினால் படிக்கிற பிள்ளைக்கு ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. தான் நின்ற அதே மண், அதே தூண், சுற்றிலும் எல்லாம் வேறு என்றால்தான் மயிர் சிலிர்க்கும்.

பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் 1948இல் தொடங்கி 1955இல் முடித்த அணை பவானிசாகர். அதன் நீர்த்தேக்கத்துக்குள் டணாயக்கன்கோட்டையும் அங்கிருந்த மாதவராயப் பெருமாள் கோயிலும் போயின. நன்றாக வற்றும் கோடையில் கோயில் தலைகாட்டும். வற்றினால் திறக்கும், நிறைந்தால் மூடும். காலவாசலுக்கு வேறு இயந்திரம் எதற்கு?

கொங்கில் வேறு இடங்களும் உண்டு. நொய்யல் கரையில் மணி கோர்த்த, இரும்பு உருக்கிய கொடுமணல். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காளிங்கராயன் வாய்க்கால். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் ஓடாநிலை. 1862இல் ரயில் வந்த போத்தனூர். ஆனால் காலம் பின்னே போகப் போக வேலை கூடும். முதல் கதைக்கு 75, 80 ஆண்டுக்கு மேல் போகாதீர்கள். அந்தத் தொலைவு வரை பேச்சு புரியும், சாட்சி சொல்ல ஆள் இருக்கும்.

3. வயதுக் கணக்கை முதலில் போடுங்கள்

2026இல் 12 வயதுச் சிறுமி. பெயர் கயல் என்று வையுங்கள். அவளுடைய அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, 85 வயது. 1951இல் அவர் 10 வயதுப் பொடுசு. கயல் போய் இறங்கும்போது அவளைவிட அவர் இரண்டு வயது சின்னவர். இந்த ஒற்றைக் கழித்தலில் பாதிக் கதை வந்துவிட்டது.

கணக்கைத் தாளில் எழுதாமல் மனத்திலேயே வைத்திருப்பதுதான் இங்கே நடக்கும் தப்பு. ஐந்தாம் அத்தியாயத்தில் அப்புச்சி அணை வேலைக்குக் கல் சுமப்பார், எட்டாம் அத்தியாயத்தில் பல் விழுந்த பையனாக இருப்பார். நோட்டின் உள்ளட்டையில் மூன்று பத்திக்குக் கோடு கிழியுங்கள்: ஆள், 1951இல் வயது, 2026இல் வயது. வந்துபோகும் எல்லோருக்கும் எழுதுங்கள், மாட்டுக்கும் சேர்த்து. 1951இல் துள்ளிய காங்கேயம் கன்று 2026இல் இருக்காது என்பதை மறந்த கையெழுத்துப்படிகள் உண்டு.

இன்னொரு கணக்கு, அந்த ஊர் எந்த ஆண்டு காலியானது என்பது. அணை கட்டத் தொடங்கியது ஓர் ஆண்டு, தண்ணீர் தேங்கியது வேறோர் ஆண்டு. உள்ளூர்ப் பெரியவர்களிடமும் வருவாய்த்துறைப் பதிவிலும் சரிபார்த்துவிட்டு, தேவைப்பட்டால் 1951ஐ முன்னே பின்னே நகர்த்துங்கள். நகர்த்தினால் வயதுப் பத்தி முழுவதையும் மாற்ற வேண்டும்.

4. பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

கயல் வளர்ந்தது பெருந்துறைப் பக்கம். அவள் வீட்டு மஞ்சள் காடு குடிப்பது கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர். அந்த வாய்க்கால் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அவள் அப்புச்சியின் ஊர் அதே தண்ணீருக்காக மூழ்கியது. ஆக, அவள் அணை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டும் என்றும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. கதைக்கு வேண்டிய இறுக்கம் இதுதான். இதை வசனத்தில் விளக்காதீர்கள். யாராவது அவளிடம் “உங்கூர்ல தண்ணி வசதி எப்புடி கண்ணு?” என்று கேட்கட்டும், அவள் வாயடைத்து நிற்கட்டும்.

இந்த இறுக்கத்தின் மேல் சின்னதாக, கையால் செய்யக்கூடிய ஒரு வேலையை ஏற்றுங்கள். வண்டி கட்டி ஊரே கிளம்பும் நாளில் பொடிப்பையன் காணாமல் போகிறான். அவனைக் கண்டுபிடித்து வண்டியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஊரைக் காப்பாற்றும் வேலையைக் கொடுத்தால் 12 வயதுப் பிள்ளை பெரியவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவாள். அந்தக் கணத்திலேயே வாசகப் பிள்ளைகள் அவளை வெறுப்பார்கள்.

5. வாசலும் கடிகாரமும்

வாசலுக்கு மூன்று கேள்விக்கு விடை வேண்டும். எப்போது திறக்கும், எப்போது மூடும், மூடப்போகிறது என்று அங்கே இருப்பவளுக்கு எப்படித் தெரியும். மூன்றாவதை விட்டுவிடுவது பரவலான பிழை. தெரியாத கெடு பயமுறுத்தாது.

நம் கதையில் வாசல், கோயில் மண்டபத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே. மே கடைசி வாரம். பள்ளி விடுமுறை, அணை வற்றியிருக்கிறது. நீலகிரியில் மழை பிடித்ததும் பவானியிலும் மோயாற்றிலும் தண்ணீர் வரும், மண்டபம் மீண்டும் மூழ்கும். அங்கே ஒரு நாள் என்பது இங்கே இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். அங்கே நான்கு நாள் தங்கினால் இங்கே எட்டு மணி நேரம். காலையில் பரிசலில் கொண்டுவந்து விட்டவர் சாயங்காலம் வரை காத்திருப்பார். வீட்டில் தேடல், போலீஸ் என்று கிளைக்கதை முளைக்காது.

இங்கே நீர் ஏறுவதை அங்கே காட்ட ஒரே வழி: 1951இன் அனல் வெயிலில் காய்ந்து கிடக்கும் தூணில் காரணமில்லாத ஈரம். முதல் நாள் அடிக்கல் கசிகிறது. இரண்டாம் நாள் கணுக்கால் உயரம். மூன்றாம் நாள் முழங்கால். நான்காம் நாள் இடுப்பு. கயல் தினமும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அத்தியாயத் தலைப்புக்குக் கீழே அந்த அளவை மட்டும் ஒரு வரியாகப் போடுங்கள்: ‘ஈரம், ஒரு சாண்.’ பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டி அடுத்த அளவைத் தேடுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. பிள்ளை தனியாக அணைக்குள் இறங்குவதைச் சாகசமாக எழுதாதீர்கள். வற்றிய அணையின் சேறு ஆளை விழுங்கும், படிக்கிற பிள்ளை போய்ப் பார்க்க ஆசைப்படும். பரிசல்காரர் ஒருவர் உடன் இருக்கட்டும். அவர் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரம் போதும்.

6. ஒரே ஒரு விதி

நடந்ததை மாற்ற முடியுமா, முடியாதா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்த வயதுக்கு ‘முடியாது’ என்பதே நல்லது. கயல் அங்கே செய்வதெல்லாம் ஏற்கெனவே நடந்தவைதான், அவளுக்குத்தான் தெரியாது. மாற்றலாம் என்று திறந்துவிட்டால், பத்து வயது வாசகர் உடனே கேட்பார்: “அப்போ மறுபடி போய் எல்லாத்தையும் சரிபண்ணலாமே?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இரண்டு அத்தியாயம் போகும்.

விதியை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். ஒரு பொருள் சொல்லட்டும். முதல் அத்தியாயத்தில் அப்புச்சி வீட்டு அடுப்படியில் ஒடுக்கு விழுந்த ஒரு பித்தளைப் போசி. ஒடுக்கெடுக்க அவர் விடுவதில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்தப் போசியை வண்டியிலிருந்து கீழே போடுவது கயல்தான். இதற்குக் கோயில் தூணில் பெயர் கீறுவதை வைக்காதீர்கள். படிக்கிற பிள்ளைகளும் கீறுவார்கள்.

7. கையில் படும் பொருள்களைச் சலியுங்கள்

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நடக்கின்றன, அதனால் இந்தப் படிக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். எழுதிய ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அடிக்கோடிட்டு, ‘அப்போது இருந்ததா?’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

காசு: 1951இல் ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 பை. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1இல். கயலின் பையில் உள்ள ஐந்து ரூபாய் நாணயத்தில் சிங்கமுகம் இருக்கும். குடியரசான பிறகு வந்த புது நாணயத்திலும் அதே சிங்கமுகம்தான். கடைக்காரர் வாங்கி முகத்தைப் பார்ப்பார், தலையாட்டுவார், திருப்பி ஆண்டைப் பார்ப்பார். அந்த இடத்தில் அத்தியாயத்தை முடியுங்கள்.

அளவு: தொலைவு மைலில், தானியம் படியிலும் வள்ளத்திலும். 1951இல் யாராவது ‘அரைக் கிலோ’ என்றால் கதை உடையும்.

தண்ணீர்: கிணற்றில் கவலை இறைப்பு, அதாவது மாடு கட்டி இறைப்பது. இரண்டு மாடு சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, தண்ணீர் மொண்ட சால் மேலே வரும். சாலின் அடியில் குழாய்போல் தொங்கும் தோல் தும்பியை இழுத்துப் பிடித்திருக்கும் வால்கயிறு தளர்ந்ததும் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடு பின்னாலேயே ஏறி வர வேண்டும். பின்னேறும் மாட்டை வைத்து ஓட்டுகிறவரின் திறமையைக் காட்டிவிடலாம். “மோட்டாரைப் போட்டார்கள்” என்று கை தவறி எழுதிவிடுவது எளிது.

செல்பேசி: பலர் அதை முதல் பக்கத்திலேயே தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. சிக்னல் இல்லை, ஆனால் விளக்கும் கேமராவும் வேலை செய்யும். மின்சேமிப்பு 34 விழுக்காட்டில் தொடங்கட்டும். எதற்குச் செலவழிப்பது என்று கயல் முடிவெடுக்க வேண்டிவரும். காணாமல் போன பொடியனை இருட்டில் தேடும்போது அது அணையட்டும்.

உடுப்பு: ஒட்டுப்பட்டை வைத்த செருப்பு, பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி, ஜிப் வைத்த பை. இவை மூன்றையும் மற்றப் பிள்ளைகள் விடாமல் இழுத்துப் பார்ப்பார்கள். ஜிப்பைத் திறந்து மூடியே ஒரு பக்கம் ஓட்டலாம்.

எழுத்து: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரம் யானைத் தும்பிக்கைபோல் எழுத்தோடு ஒட்டி வளைந்திருக்கும். றா, ணா, னா வடிவங்களும் வேறு. சாவடிச் சுவரில் ஒட்டிய அறிவிப்பை கயல் படிக்கப் பார்க்கிறாள். எல்லாம் புரிகிறது, ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. அந்தச் சொல் ‘அணை’. இப்படி ஒரு வாய்ப்பை வரலாறே தந்திருக்கும்போது விடாதீர்கள்.

ஆண்டு: “இது எந்த வருஷங்க?” என்று கேட்டால் ஊர்க்காரர் 1951 என்று சொல்லமாட்டார். “கர வருசம்” என்பார். அறுபது ஆண்டுச் சுற்றில் கர 1951-52இல் வந்தது, மறுபடி 2011-12இல் வந்தது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பிள்ளை, தான் பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்னால்தான் வந்திருக்கிறோம் என்று தப்புக்கணக்கு போடலாம். ஒரு முழு அத்தியாயம் அந்தத் தப்பில் ஓடும்.

காளிங்கராயன் காலத்துக்கோ கொடுமணலுக்கோ போகிறவர்களுக்குச் சலித்தெடுக்கும் வேலை இன்னும் கடுமை. 1498இல் போர்ச்சுகீசியர் கடல்வழியாக வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் இங்கே இறங்கின. அதற்கு முந்திய கதையில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கொய்யா, பப்பாளி, புகையிலை எதுவும் இருக்கக்கூடாது. இன்றைய கொங்குக் காட்டில் பாதி காலியாகிவிடும். குழம்பு காரமாக இருந்தால் அது மிளகுக் காரம். வழியோரம் சீமைக்கருவேலமும் இல்லை. எழுத்தாளரின் சொந்த வாக்கியத்திலும் கவனம் வேண்டும்: ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்கள். பிள்ளை அவற்றைச் சொன்னால் அந்தக் கால ஆள் விழிக்க வேண்டும்.

8. பேச்சு

விவரிப்பைப் பொதுத்தமிழில் வையுங்கள், உரையாடலைக் கொங்குப் பேச்சில் விடுங்கள். இரண்டையும் கலந்தால் கோவைக்கு வெளியே படிக்கிற பிள்ளை தடுமாறுவாள், கோவைப் பிள்ளை சிரிப்பாள்.

நேரத்தைச் சொல்ல வெடியால, பொழுதோட; பண்டிகைக்கு நோம்பி; விருந்தாளிக்கு ஒறம்பரை; தட்டுக்கு வட்டல்; தள்ளிப் போகச் சொல்ல அக்கட்ட. ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். சொல் புரியும்படி சூழலை அமையுங்கள், அடைப்புக்குறியில் விளக்கம் போடாதீர்கள். வட்டலில் களி போட்டால் வட்டல் எது என்று யாருக்கும் தெரியும்.

இந்தக் கதையின் உயிர் மரியாதைச் சொல்லில் இருக்கிறது. 2026இல் கயல் அப்புச்சியிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். 1951இல் அவர் பத்து வயதுப் பையன். அவரை ‘வாடா, போடா’ என்று கூப்பிட வேண்டும், நாக்கு வராது. அவனோ அவளை ‘அக்கா’ என்பான்:

“ஏனுங்க்கா, நீங்க எந்தூருங்?”

பாழுங்கிணற்று ஓரத்தில் அவன் கால் வைக்கும்போது கயல் தன்னையறியாமல் கத்துவாள்: “அப்புச்சி, அங்க போகாதீங்க!”

பையன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். “என்னையவா அப்புச்சிங்கறீங்?”

இந்த மூன்று வரி எட்டாம் அத்தியாயத்தில் வர வேண்டும். அதற்கு முன் வந்தால் இரகசியம் சீக்கிரம் உடையும், பின்னால் வந்தால் பயன்படுத்த இடம் இருக்காது.

9. அத்தியாயங்களைக் கடைசியிலிருந்து அடுக்குங்கள்

12 அத்தியாயம், ஒவ்வொன்றும் 750 சொல். வாய்விட்டுப் படித்தால் ஏழு எட்டு நிமிடம் ஆகும். வகுப்பில் ஒரு நாளைக்கு ஒன்று படிக்கச் சரியாக இருக்கும். தமிழில் ஒரு சொல்லிலேயே நிறைய ஏறிக்கொள்ளும், அதனால் ஆங்கிலச் சிறுவர் நாவலின் சொல் எண்ணிக்கையை அளவாக வைக்காதீர்கள்.

முதலில் 12ஐ எழுதுங்கள். திரும்பி வந்த கயல் போசியைப் பார்க்கிறாள், அப்புச்சி அவளைப் பார்க்கிறார். பிறகு 1ஐ எழுதுங்கள். 12இல் தேவைப்படும் ஒவ்வொன்றையும் அங்கே அலட்சியமாக வைத்துவிட்டு வாருங்கள். போசி ஒன்று. இன்னொன்று, அப்புச்சி பேத்தியைச் செல்லமாக ‘அக்கா’ என்று கூப்பிடும் வழக்கம். வாசகர் முதலில் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்.

அடுத்து 2. அதன் கடைசி வரியில் கயல் தூணைக் கடந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள்: விடுமுறை, பேருந்து, ஊர் வருணனை, அத்தை வீடு என்று நான்காம் அத்தியாயம் வரை பிள்ளை நிகழ்காலத்திலேயே உட்கார்ந்திருப்பாள். 3இல் புது இடத்தின் குழப்பம், 4இல் கர வருடத் தப்பு. 5 முதல் 10 வரை தேடல். 11இல் இடுப்பளவு ஈரம், ஓட்டம். நடு அத்தியாயங்களை எந்த வரிசையிலும் எழுதலாம், இரண்டு முனையும் கட்டியிருப்பதால் கயிறு நழுவாது.

10. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்

10 முதல் 12 வயதுள்ள நான்கைந்து பேர் போதும். சொந்தப் பிள்ளைகள் வேண்டாம். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். படித்தபின் “பிடிச்சுதா?” என்று கேட்பதால் பயனில்லை. படிக்கும்போதே பென்சிலால் பக்க ஓரத்தில் குறியுங்கள்: “அப்பறம்?” என்று கேட்ட இடத்துக்கு ஒரு கோடு, “ஏன்?” என்று கேட்ட இடத்துக்கு ஒரு வட்டம், காலை ஆட்டத் தொடங்கிய இடத்துக்கு ஒரு பெருக்கல்.

கோடு விழுந்த இடத்தைத் தொடாதீர்கள். பெருக்கல் வந்த பத்தியை வெட்டுங்கள், பெரும்பாலும் அது நீங்கள் படாதபாடுபட்டுச் சேகரித்த வரலாற்றுத் தகவலாகத்தான் இருக்கும். வட்டம் வந்த இடத்தில் விளக்கம் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். இரண்டு அத்தியாயம் முன்னே போய், அந்தக் காரணத்தை ஒரு பொருளாகவோ ஒரு வாக்காகவோ வைத்துவிட்டு வாருங்கள். பிறகு வேறு நான்கைந்து பிள்ளைகளைப் பிடியுங்கள். முதல் கூட்டத்துக்கு முடிவு தெரிந்துவிட்டது, அவர்கள் இனி உதவமாட்டார்கள்.